கிரில் பங்கீட்டு விதியை மீண்டும் கொண்டுவாருங்கள்: ஒரு திறந்த மடல்

அந்தாட்டிக் கடல்வாழ் உயிர்வளங்களைப் பேணும் ஆணைக்குழுவின் உறுப்பு நாடுகளுடைய பிரதிநிதிகளுக்கு,

ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் கூடும் உங்கள் அவையில் இலங்கைக்கு இடமில்லை. ஆயினும், பாக்கு நீரிணையின் அடித்தளத்தை இழுவைமடிகள் வாரிச் செல்வதைப் பார்த்திருக்கும் யாழ்ப்பாணக் கரையிலிருந்து, 2024இல் நீங்கள் காலாவதியாக விட்ட, கிரில் என்னும் இறால்போன்ற சிற்றுயிரின் பிடிப்பைப் பகுதிவாரியாகப் பங்கிடும் விதியை மீண்டும் நடைமுறைப்படுத்துமாறு கேட்டு எழுதுகிறேன்.

கிரில் அளவுமீறிப் பிடிக்கப்படுகிறதே என்று கேட்டால், தென் அத்திலாந்திக் பகுதிக்கு ஆண்டொன்றுக்கு 620,000 தொன் என்ற பிடிப்பெல்லை உண்டென்பதும், 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி அது அங்குள்ள கிரில் திரளில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் என்பதும் வழமையாகச் சொல்லப்படும் விடை. கணக்கில் பிழையில்லை. ஆனால், குஞ்சுக்கு இரை தேடும் பென்குயினுக்கு அந்தப் பெருங்கடலின் மொத்த இருப்பு உதவாது. கூட்டிலிருந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்துக்குள் கிரில் கிடைக்க வேண்டும். அதனால்தான் 2009இல் நீங்களே அந்த எல்லையை உபபகுதிகளுக்குப் பிரித்து, அந்தாட்டிக் தீபகற்பத்தை ஒட்டிய கடலில் அதில் கால்பங்குக்கு மேல் பிடிக்கலாகாது என்று வகுத்தீர்கள். எங்கள் ஊர்களில் கரைவலை இழுக்கும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து முறைவைப்பதும் இதே நியாயத்தால்தான். அந்த விதி போனபின், 2025இல் மொத்த எல்லை முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்னரே மீன்பிடி நிறுத்தப்பட்டது. அப்படிப் பிடித்ததில் பெரும்பகுதி வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகவும் ஒமேகா-3 மாத்திரையாகவும் போகிறதேயன்றி, பசித்தவர் எவருடைய சட்டிக்கும் வருவதில்லை.

ஓரிடத்தில் அளவின்றிப் பிடித்தால் என்னாகும் என்பதற்கு உங்கள் கடலிலேயே சான்றுண்டு: தென் ஜோர்ஜியாத் தீவைச் சூழ்ந்த கடலில் 1970ஐ ஒட்டிய ஓரிரு பருவங்களில் சோவியத் கப்பல்கள் வாரியெடுத்த நொத்தோதீனியா மீன், பல பதிற்றாண்டுகளாகியும் பழைய நிலைக்குத் தலையெடுக்கவில்லை. 1980இல் உங்கள் உடன்படிக்கை எழுந்த பின்னணியில் அந்த அழிவும் இருந்தது.

ஏகமனதாக இணங்கினாலன்றி முடிவில்லை என்ற விதி உங்கள் கைகளைக் கட்டுகிறது என்பது உண்மை. ஆனால் 2016இல் அந்தாட்டிக்காவின் ரொஸ் கடல் காப்பகத்துக்கு அதே விதியின் கீழ்தான் இணங்கினீர்கள்.

இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தனியாக ஒன்று: கிழக்கு அந்தாட்டிக்காவிலும் வெடல் கடலிலும் காப்பகம் வேண்டுமென்ற முன்மொழிவுகளை நீங்கள் ஆதரித்தது மெச்சத்தக்கது. இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்த இழுவைமடித் தொழிலை உங்கள் கரையும் கைவிடுமானால், அந்த ஆதரவுக்கு எங்களிடையே இன்னும் மதிப்புக் கூடும்.

கிரில் மீன்பிடிக்கான புதிய முகாமைத்துவத் திட்டத்தில் இணக்கம் காணும்வரை, 2009இன் விகிதங்களையே இடைக்கால விதியாக அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றுமாறும், பென்குயின்கள் குஞ்சு வளர்க்கும் மாதங்களில் தீபகற்பக் கரையோரத்தைக் கிரில் கப்பல்களுக்கு மூடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாணக் கரையோரவாசி ஒருவர்