கலிஃபோர்னியாவுல முதல் ரைஃபிள் வாங்கப் போற நம்ம தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

போன மாசம் மட்டும் மூணு பேர் தனித்தனியா என்கிட்ட ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. "ஜி, ஏஆர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எந்த பிராண்ட் எடுக்கலாம்?" ஏஆர்னா ஏஆர்-15 மாடல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். மூணு பேருக்கும் நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான், உங்க கையில என்ன ஸ்டேட்டஸ் இருக்கு? துப்பாக்கியப் பத்திக் கேட்டா விசாவப் பத்திப் பேசுறானேன்னு ஒருத்தர் கடுப்பாகி போனையே வெச்சுட்டார். அவருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன், வக்கீல் மாதிரி இல்ல, பத்து வருஷமா இங்க ரேஞ்சுக்குப் போயிட்டு வர்ற ஒரு ஆளா.

முதல்ல விசா கதைய முடிச்சிடுவோம். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 இப்படி எந்த நான்-இமிக்ரன்ட் விசாவுல உள்ள வந்திருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது. வாங்கக் கூடாதுன்னு மட்டும் இல்ல, கையில வெச்சிருக்கவே கூடாது. ஃப்ரெண்டோட ரைஃபிள ரேஞ்சுல ஒரு ரவுண்டு சுட்டுப் பார்க்கிறதும் அதுலதான் வரும். செல்லுபடியாகிற ஹண்டிங் லைசென்ஸ் கையில இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அத நம்பி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலுக்குக் காசு குடுத்துக் கேட்டுக்கோங்க, யூடியூப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா, சிங்கப்பூர்ல இருந்து விசாவே இல்லாம விசா வெய்வர் திட்டத்துல வர்ற உங்க மாமா பையனுக்கு இந்தத் தடை கிடையாது, பத்து வருஷமா இங்க வரி கட்டுற உங்களுக்கு உண்டு. விசாவுல வந்தவங்கன்னுதான் சட்டத்துல எழுதியிருக்கு, அவன் விசாவுல வரலையே.

அப்புறம் ஊர்ல இருந்து அப்பா அம்மா விசிட்டர் விசாவுல வர்றப்ப ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போயி, அப்பா கையில ரைஃபிளக் குடுத்து போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடுறது இருக்கு பாருங்க, நானே நாலஞ்சு பார்த்துட்டேன். திருவிழாவுல பலூன் சுடுற கடை நினைப்புல சிரிச்சுக்கிட்டே நிப்பாரு பாவம், அது ஒரு ஃபெடரல் குற்றத்துக்கான போட்டோ ஆதாரம்னு அவருக்கு எப்படித் தெரியும், கூட்டிட்டுப் போன நமக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்.

சரி, கிரீன் கார்ட் வந்தாச்சு, வாங்கலாம். ஆனா சிட்டிசன் வாங்குறதுக்கும் நீங்க வாங்குறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அத யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க. துப்பாக்கி சம்பந்தமான குற்றத்துல தண்டனை ஆச்சுன்னா நாடு கடத்துறதுக்கு அதையே ஒரு காரணமா இமிக்ரேஷன் சட்டத்துல எழுதி வெச்சிருக்காங்க, கிரீன் கார்டுக்கும் சேர்த்து. ரைஃபிள்ல ஒரு ஸ்க்ரூவ தப்பா மாட்டினா இங்க பொறந்தவனுக்கு வக்கீல் செலவு, அபராதம், கெட்டா ஜெயில். நமக்கு அதுக்கு மேல வீடு, வேலை, புள்ளைங்க ஸ்கூல்னு எல்லாமே ஆடும். அதனாலதான் சொல்றேன், நாம ரைஃபிள் பார்க்கிறப்ப எது நல்லா சுடும்னு கேக்குறதுக்கு முன்னாடி, நாம கவனக்குறைவா எதையாவது மாத்தினாலும் சட்டத்துக்குள்ளயே நிக்கிற ரைஃபிள் எதுன்னு கேக்கணும்.

எந்த ரைஃபிள் கூடாதுன்னு சொல்ற கலிஃபோர்னியாவோட அசால்ட் வெப்பன் சட்டம் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க, கிண்டல் பண்றதெல்லாம் அப்புறம். 1989 ஜனவரில ஸ்டாக்டன்ல கிளீவ்லேண்ட் எலிமென்டரி ஸ்கூல் கிரவுண்டுல ஒருத்தன் ஏகே மாடல் ரைஃபிள வெச்சு சுட்டதுல அஞ்சு குழந்தைங்க செத்துப் போச்சு, கம்போடியாவுல இருந்தும் வியட்நாம்ல இருந்தும் அகதியா வந்த குடும்பத்துப் புள்ளைங்க. அந்த வருஷமே ராபர்ட்டி-ரூஸ் சட்டம் வந்துச்சு, பேர் பேரா லிஸ்ட் போட்டுத் தடை பண்ணாங்க. கம்பெனிக்காரன் பேர மாத்தி அதே சாமான வித்தான். அதனால 2000 ஜனவரி 1ல இருந்து பேரு போதாதுன்னு அங்க அடையாளம் பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சு, தோட்டா முனையால அழுத்தினா மேகசின், அதாவது தோட்டா போடுற டப்பா, கழண்டு வர்ற மாதிரி புல்லட் பட்டன்னு ஒண்ணு வந்துச்சு, 2015 டிசம்பர்ல சான் பெர்னார்டினோவுல துப்பாக்கிச் சூட்டுல 14 பேர் செத்ததுக்கு அப்புறம் 2016ல சட்டம் போட்டு அதையும் அடைச்சாங்க. ஒருத்தர் ஓட்டை போட இன்னொருத்தர் அடைக்கன்னு முப்பத்தஞ்சு வருஷமா நடக்குது, நடுவுல மாட்டிக்கிறது சட்டப்படி வாங்கணும்னு நினைக்கிற ஆளு.

இப்ப நிலைமை என்னன்னா, சென்டர்ஃபயர் தோட்டா (அடிப்பாகத்து நடுவுல அடிச்சா வெடிக்கிறது) போடுற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்ல (சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறுறது) மேகசின் கழட்டி மாட்டுற மாதிரி இருந்தா, பிஸ்டல் கிரிப், கட்டை விரல் உள்ள போற தம்ப்ஹோல் ஸ்டாக் (ஸ்டாக்னா தோள்ல வைக்கிற பின்பக்கக் கட்டை), மடக்குற இல்ல நீட்டிச் சுருக்குற ஸ்டாக், முன்னாடி பிடிக்கிற கிரிப், ஃபிளாஷ் சப்ரஸர், கிரனேட் இல்ல ஃபிளேர் லாஞ்சர், இதுல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் அது அசால்ட் வெப்பன். புதுசா யாரும் வாங்கவும் முடியாது வெச்சிருக்கவும் முடியாது. குழல் முனையில வர்ற தீ வெளிச்சத்தக் குறைக்கிற ஃபிளாஷ் சப்ரஸர் கூடாது, உதையக் குறைக்கிற மசில் பிரேக் பரவாயில்ல. வெளிய இருந்து பார்த்தா ரெண்டுமே ஓட்டை போட்ட இரும்புக் குழாய்த் துண்டுதான், எது எதுன்னு பாக்கெட்ல எழுதியிருக்கிறத வெச்சுத்தான் எனக்கே தெரியும்.

பிஸ்டல் கிரிப்னா என்னன்னு விதியில எழுதியிருக்கிறத ஒரு நாள் ராத்திரி டைனிங் டேபிள்ல உக்காந்து படிச்சேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு சதை இருக்குல்ல, சுடும்போது அது வெளிய தெரியிற ட்ரிகரோட மேல் நுனிக்குக் கீழ வர்ற மாதிரி பிடிக்க முடிஞ்சா அது பிஸ்டல் கிரிப். காலி ரைஃபிள டேபிள் மேல வெச்சு, பொண்ணோட ஸ்கூல் ஸ்கேல ட்ரிகருக்கு நேரா பிடிச்சு, போன் லைட்டு போட்டு என் கைச் சதை எங்க நிக்குதுன்னு நானே குனிஞ்சு பார்த்துட்டிருக்கேன். என் வீட்டம்மா வந்து, இது என்ன ஜோசியம் பாக்குறீங்களான்னு கேட்டாங்க. கை ரேகைதான் பாக்கல, மத்தபடி அதேதான்.

இதுக்காகவே மீன் துடுப்பு மாதிரி தட்டையா ஒரு கிரிப் விக்கிறாங்க, அத மாட்டி, ஸ்டாக்க நீளாம பின் அடிச்சு, ஃபிளாஷ் சப்ரஸரையும் கழட்டிட்டா ஏஆர் ஃபீச்சர்லெஸ், அதாவது மேல சொன்ன அடையாளம் எதுவும் இல்லாதது, ஆயிடும், சட்டப்படி வெச்சுக்கலாம். மேகசின நிரந்தரமா பூட்டி வெச்ச மாடலும் உண்டு. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ரிசீவர்ல, அதாவது துப்பாக்கியோட நடு உடம்புல, பொறிச்சிருக்கிற பேரு பழைய லிஸ்ட்ல இருந்தா என்ன கிரிப் மாட்டினாலும் தப்புதான், கோல்ட் ஏஆர்-15 எல்லாம் அப்படி. அந்தத் துடுப்பு கிரிப்ப பிடிச்சு ஒரு மணி நேரம் சுட்டுப் பாருங்க, மணிக்கட்டு விட்டுப் போகும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வலி தாங்காம ஒரு சனிக்கிழமை கராஜ்ல வெச்சு பழைய கிரிப்ப மாட்டிட்டார். ஒரே ஒரு ஸ்க்ரூ, அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சாவது நிமிஷத்துல இருந்து அவர் கையில இருந்தது வேற ஒரு பொருள். கேட்டா, "யாரு பார்க்கப் போறா"ங்குறார். கிரீன் கார்ட்ல இருக்கிற மனுஷன் பேசுற பேச்சா இது?

அதனால என் கருத்து, முதல் ரைஃபிளா ஏஆர் வேண்டாம். பாயின்ட் 22 எடுங்க. மேல சொன்ன லிஸ்ட் சென்டர்ஃபயருக்குத்தான், தோட்டா அடிப்பாகத்து ஓரத்துல அடிச்சு வெடிக்கிற ரிம்ஃபயர் 22க்கு இல்ல. ரூகர் 10/22 1964ல இருந்து வருது, கூட வர்ற மேகசினே பத்து ரவுண்டுதான், இங்க அனுமதிச்ச அளவும் பத்துதான், நீங்களா இருபத்தஞ்சு ரவுண்டு மேகசின தேடிப் போயி வாங்காத வரைக்கும் வம்பே இல்ல. தோட்டா மலிவு, தோள்ல உதைக்காது, ஸ்கூல்ல என்சிசி கேம்ப்ல தரையில குப்புறப் படுத்து சுட்டவங்களுக்கு அதே நெனப்பு வரும். சத்தியமா சொல்றேன், குறி பார்க்கிறதக் கத்துக்கிறதுக்கு இத விட நல்ல வாத்தியார் இல்ல.

பெருசா வேணும், வேட்டைக்குப் போகணும்னா போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து விடுறதால அது செமி ஆட்டோவே கிடையாது, அந்த லிஸ்ட்டே அதத் தொடாது. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், காசு இருந்தா டிக்கா, .243 இல்லன்னா .308. பழைய சினிமா கவ்பாய் ஆசை இருக்கிறவங்க ட்ரிகருக்குக் கீழ இருக்கிற லீவர இழுத்து தோட்டா ஏத்துற லீவர் ஆக்‌ஷன் எடுங்க, கட்டையோட பார்க்கவே அழகு. வேட்டைக்குன்னா ஈயத் தோட்டா கூடாது, 2019 ஜூலைல இருந்து முழுத் தடை, பிணந்தின்னிக் கழுகு இனமான காண்டார் ஈய விஷத்தால சாகுறதால வந்தது, அது நியாயமான சட்டம்னுதான் நான் சொல்வேன். இல்ல எனக்கு செமி ஆட்டோதான் வேணும்னு அடம் பிடிச்சா மரக் கட்டை போட்ட மினி-14 ராஞ்ச் மாடல் பாருங்க, ஏஆர் போடுற அதே 5.56 தோட்டாதான், பிஸ்டல் கிரிப் இல்லாததால கலிஃபோர்னியாவுக்கு அது சாதாரண ரைஃபிள். அதே தோட்டா, அதே வேகம், கட்டை மட்டும் வேற. இத சட்டம் எழுதினவங்ககிட்டதான் கேக்கணும். குழல் முனையில ஃபிளாஷ் சப்ரஸர் இல்லாததா பார்த்து எடுங்க.

டெக்சாஸ்ல இருந்து வேலை மாறி வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. டாலஸ்ல இருந்து ஒரு தம்பி வண்டி கட்டுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணி அபார்ட்மென்ட் எங்க கிடைக்கும்னு கேட்டுட்டு, பேச்சுவாக்குல, ஒடிசி வண்டியில அரிசி மூட்டைக்கு அடியில ஏஆர் வெச்சிருக்கேன் அண்ணேங்குறான். நீட்டுற ஸ்டாக்கு, ஃபிளாஷ் சப்ரஸர், முப்பது ரவுண்டு மேகசின் ஆறு. அங்க அது வால்மார்ட்ல வாங்கின நாற்காலி மாதிரி சாதாரணம். இந்த பார்டரத் தாண்டின நிமிஷம் அசால்ட் வெப்பன ஸ்டேட்டுக்குள்ள கொண்டு வந்த குற்றம், சட்டத்துல 4, 6, 8 வருஷம்னு எழுதியிருக்கு. அன்னைக்கே கடைக்கு ஓடி பாதி விலைக்கு வித்துட்டு வந்தான், மேகசினையும் சேர்த்து. அவன்கிட்ட இருந்த போல்ட் ஆக்‌ஷன் மட்டும் கூட வந்துச்சு, வந்த 60 நாளைக்குள்ள ஸ்டேட்டுக்கு ஃபார்ம் போட்டு தெரியப்படுத்தினான்.

வாங்குற முறை பெரிய கஷ்டம் இல்ல, பொறுமைதான் வேணும். கடையிலயே துப்பாக்கி பாதுகாப்பு பத்தி ஒரு டெஸ்ட், 30 கேள்விக்கு 23 சரியா இருக்கணும், 25 டாலர், அஞ்சு வருஷத்துக்குச் செல்லும். ஃபெடரல் ஃபார்ம்ல கஞ்சா பயன்படுத்துறீங்களாங்கிற கேள்விக்கு, இங்க கடையிலயே விக்கிறானேன்னு அசால்ட்டா டிக் பண்ணாதீங்க, ஸ்டேட்ல சரியா இருந்தாலும் ஃபெடரல்ல இல்லைன்னு அந்தக் கேள்விக்குக் கீழயே எழுதியிருக்கும், பொய் சொன்னா அது தனி குற்றம். அப்புறம் பத்து நாள் காத்திருக்கணும். 2024 ஜூலைல இருந்து 11 சதவீத வரி வேற. தோட்டா வாங்கவும் பேக்ரவுண்ட் செக் உண்டு, அதுல நம்ம ஆளுங்க நிறைய பேர் அடி வாங்குறது எங்கன்னா அட்ரஸ்ல. வருஷா வருஷம் அபார்ட்மென்ட் மாறுவோம், லைசென்ஸ்ல ஒரு அட்ரஸ், துப்பாக்கி ரெக்கார்டுல இன்னொண்ணு, டினைட்னு வரும். அத எதிர்த்து கோர்ட்ல வருஷக் கணக்கா கேஸ் ஓடுது, தீர்ப்பு எப்படி வந்தாலும் நீங்க அட்ரஸ மாத்தி வைங்க. டாஹோ போயிட்டு அப்படியே பக்கத்து ஸ்டேட் நெவாடாவுல இருக்கிற ரீனோவுல மலிவா ரெண்டு பாக்ஸ் வாங்கி டிக்கில போட்டுட்டு வர்ற வேலையெல்லாம் வேண்டாம்.

வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா ரைஃபிளுக்கு முன்னாடி சேஃப் வாங்குங்க. பீரோவுல புடவைக்கு அடியில நகைய ஒளிச்சு வைக்கிற மாதிரி வைக்காதீங்க, நாம எங்க ஒளிச்சாலும் புள்ளைங்களுக்குத் தெரியும், நமக்கு அம்மா ஒளிச்சு வெச்ச முறுக்கு டப்பா தெரியலையா என்ன.

எந்த ரைஃபிள்னு இன்னும் முடிவு பண்ண முடியலன்னா கடைக்குப் போறதுக்கு முன்னாடி என் 10/22வ ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ரேஞ்சுல இருப்பேன், காதுக்கு மாட்டுறது ரெண்டு செட் எக்ஸ்ட்ரா வெச்சிருக்கேன். கிரீன் கார்ட் இருந்தா மறக்காம எடுத்துட்டு வாங்க. இன்னும் வரலன்னா வராண்டாவுல காபி குடிச்சுட்டு இருப்போம், ரைஃபிள் பைக்குள்ளயே இருக்கும்.