விஸ்கியை ருசி பார்க்க உட்காரும்போது லேபிளை மறைத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விஸ்கியை நண்பர்களோடு சேர்ந்து ருசி பார்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடை திறக்கும் நேரம், விலை உயர்வு, குடியால் வந்த கேடு ஆகிய மூன்றையும் தாண்டி ஒரு தமிழ் நாளிதழ் இந்த விஷயத்தைத் தொட்டதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதில் சொல்லியிருந்த இரண்டு யோசனைகளை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிலில் போட்டிருக்கும் வயதை, அதாவது விஸ்கி பீப்பாயில் எத்தனை ஆண்டு இருந்தது என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்பது ஒன்று. நல்ல விஸ்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது என்பது இன்னொன்று. இதைக் கேட்டு நடந்தால் நண்பர்கள் கூடி உட்கார்வதில் அர்த்தமே இல்லாமல் போய்விடும். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஐந்து பேர் ஒன்றுகூடுவோம். ஒருவர் வங்கியில் இருந்தவர். ஒருவர் மைசூர்க்காரர், கல்லூரியில் கன்னடம் நடத்தியவர். இன்னொருவர் சிவாஜிநகரில் இன்றைக்கும் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மற்றவர் குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர். சத்தம் போட்டு உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிற வேலை அது. எங்கள் கூட்டத்துக்கு ஒழுங்கு வந்தது அவரால்தான்.

ஊற்றுவது எங்களில் யாரும் இல்லை. வங்கி நண்பரின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அண்ணி, அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் குடிப்பதில்லை. பாட்டில்கள் சமையலறையை விட்டு வெளியே வராது. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் 15 மில்லி கோடு இருக்கும் அல்லவா, அதில் அளந்துதான் ஊற்றுவார். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள், அதில் நாலு வட்டம், வட்டத்துக்குள் 1, 2, 3, 4. வட்டத்துக்கு ஒரு கிளாஸ். எந்த எண்ணில் எந்த விஸ்கி என்பது அண்ணியின் நோட்டில் மட்டும் இருக்கும். என் ஆய்வுக்கூடத்திலும் மாதிரிகள் இப்படி வெறும் எண்ணோடுதான் வரும். எந்த ஆலையின் சரக்கு என்று தெரிந்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நாங்கள் கூடும் வங்கி நண்பரின் வீட்டில் அன்று ஊதுபத்தி கிடையாது. மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மிக்சர், ஊறுகாய், மிளகாய் பஜ்ஜி எல்லாம் எழுதி முடித்த பிறகுதான். அதுவரை உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும். கிளாஸ் வாய் குறுகி இருக்க வேண்டும். அகலமான டம்ளரில் ஊற்றினால் வாசனை மூக்குக்கு வருவதற்கு முன்பே பரவிப் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. நாலு கிளாஸையும் முகர்ந்து, ருசித்து, ஐந்து பேரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நண்பர்கள் கூடுவதே பேசத்தானே என்று கேட்பீர்கள். பேசத்தான். ஆனால் ஒருவர் "வாழைப்பழ வாசனை வருதுப்பா" என்று சொன்ன நிமிஷமே மற்ற நாலு பேருக்கும் வாழைப்பழ வாசனை வந்துவிடும். எலக்ட்ரிக்கல் கடைக்காரருக்கு நல்ல கனத்த குரல். அவர் "இது ஸ்காட்ச்தான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டால் பேராசிரியர் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதுவார். அவரவர் நாக்கு அவரவருக்குச் சொன்னதை முதலில் தாளில் இறக்கிவிட்டால்தான் பகிர்ந்துகொள்ள ஏதாவது இருக்கும். இல்லாவிட்டால் ஒருவர் சொன்னதை மற்ற நாலு பேர் திருப்பிச் சொன்னதாகத்தான் ஆகும்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எழுதிய தாள்களைப் படிக்க ஆரம்பித்தோம். முதல் கிளாஸை பேராசிரியர் முதலிடத்தில் வைத்திருந்தார், கடைக்காரர் கடைசியில். வேடிக்கை என்னவென்றால் இருவரும் எழுதியிருந்தது ஏறக்குறைய ஒன்றுதான்: தேன், ஆப்பிள், மென்மை, சீக்கிரம் மறைந்துவிடுகிறது. பேராசிரியருக்கு அந்த மென்மைதான் பிடித்தது. கடைக்காரருக்கு, இவ்வளவு சாதுவாக இருந்தால் எதற்கு விஸ்கி என்று தோன்றியிருக்கிறது. இரண்டாவதில் புகை, மிளகுக் காரம் என்று எங்களில் பலர் எழுதியிருந்தோம். மூன்றாவதில் யாருக்கும் சந்தேகமில்லை. டிங்க்சர் அயோடின், அணைத்த அடுப்பு, கடல் உப்பு. நாலாவதில் புகை என்று ஒருவரும் எழுதவில்லை. வெல்லப்பாகு, ஆரஞ்சுத் தோல், வறுத்த பார்லி என்றுதான் எழுதியிருந்தோம். குன்னூர்க்காரர் தாளில் மட்டும் ஒரே வரி: "2ம் 4ம் ஒன்று."

அண்ணி நோட்டைத் திறந்தார். முதலாவது ஸ்காட்லாந்தின் 18 வயது கிளென்ஃபிடிக். மூன்றாவது அதே நாட்டின் ஐலா தீவில் செய்யும் 16 வயது லகாவுலின். இரண்டாவதும் நாலாவதும் நம்ம ஊர் அம்ருத் ஃப்யூஷன்.

ஒரே பாட்டில், ஒரே அளவு, ஒரே மாதிரி கிளாஸ். நடுவில் வந்த லகாவுலின்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. பீட் என்னும் மக்கிய தாவரக் கரியை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காய வைப்பதால் வரும் வாசனை அதில் தூக்கலாக இருக்கும். ஃப்யூஷனிலும் கொஞ்சம் புகை உண்டு. இந்திய பார்லியோடு, ஸ்காட்லாந்திலிருந்து வரும் புகையேறிய பார்லியையும் சேர்த்துச் செய்வது அது. ஆனால் லகாவுலினுக்குப் பிறகு வந்தால் அந்தக் கொஞ்சம் புகை தெரியாமல் போய், அடியில் இருந்த இனிப்பு மேலே வந்துவிடுகிறது. குன்னூர்க்காரர் மட்டும் தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, மறுபடி இரண்டாவது கிளாஸுக்குப் போயிருக்கிறார். அன்றிலிருந்து புகை விஸ்கி எப்போதும் கடைசியில்தான். லேபிள் தெரிந்து குடித்திருந்தால் இந்த விஷயம் ஆயுசுக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் ஒரே குறிப்பை எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம்.

அண்ணியின் பங்கு இதோடு முடிவதில்லை. மறுநாள் காலை கழுவுவதற்கு முன் காய்ந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பார். அதற்குள் ஆல்கஹால் பறந்திருக்கும். எளிதில் ஆவியாகாத மரவாசனையும் புகையும் மட்டும் அடியில் ஒட்டியிருக்கும். லகாவுலின் ஊற்றிய கிளாஸில் சாம்பல், ஃப்யூஷன் ஊற்றியதில் வெனிலாவும் மரப்பலகையும் என்று போனில் சொல்வார். எங்கள் குறிப்புகளில் மிகவும் நம்பத் தகுந்தவை அவருடையவை என்பது என் கருத்து. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் இந்த ரசனையில் முழுப் பங்கு எடுத்துக்கொள்ள முடியும் என்பதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

இனி வயது விஷயத்துக்கு வருகிறேன். லேபிளில் மிகச் சத்தமாகப் பேசுவது அந்த எண்தான். ஸ்காட்ச் என்று சொல்ல வேண்டுமானால் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே இருந்திருக்க வேண்டும். பாட்டிலில் வயது போட்டால், அதில் கலந்திருப்பவற்றில் மிகவும் இளையதன் வயதைத்தான் போட வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் அந்த எண் அந்தக் குளிரான நாட்டின் கணக்கு. அங்கே பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். 18 ஆண்டு கழித்தும் 70 சதவீதம் அளவுக்கு மிஞ்சியிருக்கும். மைசூர் ரோட்டில் கம்பிபுராவில் இருக்கிற அம்ருத் ஆலையில் ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் போய்விடுகிறது. ஐந்து ஆண்டுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேல் காலி. 18 ஆண்டு வைத்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்த வெயிலில் மரத்துக்கும் விஸ்கிக்கும் நடப்பது எல்லாமே வேகமாக நடக்கிறது. நாலைந்து ஆண்டுகளில் எடுத்துவிடுவதுதான் இங்கே முறை. அங்கே 18 என்றால் இங்கே எவ்வளவு என்று மாற்றிச் சொல்ல வாய்ப்பாடு எதுவும் கிடையாது. அப்படியிருக்க, வயதைப் பார்த்து வாங்குங்கள் என்று தமிழ் வாசகரிடம் சொன்னால், நம் வெயிலில் விளைந்த சரக்கைத் தொடவே வேண்டாம் என்று சொல்வது போலாகிறது.

அம்ருத்காரர்களும் முதலில் லேபிளை மறைத்துத்தான் பரீட்சை எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்து அங்குள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, 2004இல் தங்கள் சிங்கிள் மால்டை (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கியை) முதன்முதலில் கிளாஸ்கோவில்தான் வெளியிட்டார்கள். பெங்களூருக்காரர்களான நாங்களே அதை இங்கே வாங்கிக் குடிக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டுக்கான தன் விஸ்கி கையேட்டில் விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகச் சொன்னார். இந்திய பாட்டில் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் எத்தனை பேர் அதை மதித்து முகர்ந்திருப்பார்கள்? இப்போது கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியானாவின் இந்த்ரி என்று வரிசை நீண்டுவிட்டது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையோடு வந்த படத்தில் ஒருவர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்காட்ச்சில்கூட நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அடர்ந்த நிறம் என்றால் அதிக வயது என்று நம்பிவிட வேண்டாம்.

தண்ணீர். இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தண்ணீர் சேர்ப்பது விஸ்கிக்கு அவமரியாதை என்று எழுதியிருக்கிறார்கள். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரி வைத்து இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவையகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில், அதாவது மூக்குக்குப் பக்கத்தில் தங்குகிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. ஃப்யூஷன் 50 சதவீதம். 15 மில்லிக்கு ஒன்றரை மில்லி தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 45க்கு வந்துவிடும். அண்ணி சிறு குழந்தைக்கு மருந்து கொடுக்கும் துளிக்குழாய் ஒன்றை ஒவ்வொரு தாளின் பக்கத்திலும் வைத்துவிடுவார். முதலில் அப்படியே முகர்வோம், ஒரு சின்ன மிடறு. அப்புறம் தண்ணீர் விட்டு மறுபடி. முதலில் மூக்கைக் குத்திய காட்டம் விலகி, அதற்குப் பின்னால் இருந்தது தெரிய ஆரம்பிக்கும். பாட்டிலில் 60 சதவீதத்தைத் தாண்டும் சரக்கும் உண்டு. அதைத் தண்ணீர் இல்லாமல் குடித்தால் மரத்துப்போன நாக்குதான் மிச்சம். ருசி தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு நண்பரிடம் எதைப் பகிர்ந்துகொள்வது?

இன்னொரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். நாலு கிளாஸும் சேர்த்து 60 மில்லிதான். ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு நம் சட்டம் விதித்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அந்த 60 மில்லியே சராசரி உடம்புள்ள ஒருவரை அந்த வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும். எங்கள் கூட்டத்துக்கு யாரும் வண்டியில் வருவதில்லை. மெட்ரோ, ஆட்டோ, இல்லாவிட்டால் நடை. ஐந்தாவது கிளாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. துப்ப விரும்புகிறவருக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு மேசையில் இருக்கும், அதைப் பயன்படுத்துபவரை யாரும் கேலி செய்யக் கூடாது. குடியை விட்டவரையோ, உடம்பு ஒத்துக்கொள்ளாதவரையோ "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று வற்புறுத்தும் ஆளுக்கு எங்கள் கூட்டத்தின் கதவு திறக்காது. குடியால் சிதைந்த குடும்பங்கள் அல்சூரிலும் உண்டு, நான் பார்த்து வளர்ந்தவன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, எழுதுபவரும் அவருடைய நண்பர்களும் எண் போட்ட கிளாஸ்களில் ருசி பார்க்கட்டும். குறைந்தது ஒரு விஸ்கியாவது இரண்டு கிளாஸில் வரட்டும். ஒவ்வொருவரும் எழுதியதை, ஒருவருக்கொருவர் முரண்படுகிற இடங்களையும் சேர்த்து, அப்படியே அச்சில் கொடுங்கள். எத்தனை சதவீத ஆல்கஹால், எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள், எந்த வரிசையில் குடித்தார்கள் என்பதையும் போடுங்கள். பாட்டிலின் பெயரும் விலையும் கடைசிப் பத்தியில் வந்தால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு