டர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றி) அமைத்துத் தரும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் இசைத்தட்டுகள் உங்கள் மேடைகளில் பாழாகின்றன என்று டிஜேக்கள் முறையிடும்போதெல்லாம், முன்னும் பின்னும் இழுத்தால் தேயாமல் என்ன செய்யும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கிறீர்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பாட்டின் முதல் தாளத்தைப் பிடிப்பதற்காகத் தட்டை ஒரே இடத்தில் பலமுறை முன்பின்னாக உருட்டும்போது அங்கே ஊசி ஓடும் பள்ளத்தின் சுவர் தேய்ந்து, தொடக்கத்திலேயே இரைச்சல் ஏறிவிடுகிறது. ‘கியூ பர்ன்’ என்று நாங்கள் சொல்லும் இந்தத் தேய்மானம் எங்கள் கைகளால் வருவது. அதை நாங்கள் மறுக்கவில்லை. மீதிப் பாதி நீங்கள் வைக்கும் கருவியில் இருக்கிறது.

முதலில் ஊசி. வைரமுனை என்பதால் அது தேயாது என்று பலர் நம்புகிறார்கள். பல நூறு மணி நேரம் ஓடிய முனை தட்டையாகி, ஓரங்கள் கூராகி, உளிபோல் பள்ளத்தைச் செதுக்கத் தொடங்கிவிடும். நுண்ணோக்கி இல்லாமல் இதைப் பார்க்க முடியாது. ஒலி சிதைவதைக் காது உணரும் நேரத்தில் அந்த ஊசி எத்தனையோ பேருடைய தட்டுகளைக் கெடுத்து முடித்திருக்கும். பின்னோக்கிச் சுழற்றும் வேலைக்கு நீள்வட்ட முனையைவிட உருண்டை முனையே பாதுகாப்பானது என்பதையும் வாங்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. ஊசி துள்ளினால் உடனே ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையிலுள்ள எதிர்எடையைத் திருகி அழுத்தத்தைக் கூட்டுவதே வழக்கமாகிவிட்டது. அந்தக் கையின் தலைப்பகுதியில் நாணயத்தை ஒட்டி வைத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். டிஜேக்களுக்கான கார்ட்ரிட்ஜ்கள், அதாவது ஊசி பொருந்தியிருக்கும் சிறு கூடுகள், பெரும்பாலும் 3 முதல் 4 கிராம் வரையிலான அழுத்தத்திற்கே வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் சுவர் தேயும். மிகவும் குறைத்தாலோ ஊசி பிடிப்பிழந்து சுவரில் மோதும். ஊசி தாங்கும் கையைச் சமநிலையில் மிதக்கவிட்டு, எதிர்எடையிலுள்ள எண் வளையத்தைச் சுழியத்தில் வைத்த பிறகுதான் அதிலுள்ள எண்ணுக்குப் பொருள் உண்டு. இதைச் செய்யாத மேடைகளில் 3 என்பது எத்தனை கிராம் என்று எவருக்கும் தெரியாது. உண்மையில், துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் பாஸ் ஒலிபெருக்கியின் அதிர்வில் நடுங்கும் மேசைதான். 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற டர்ன்டேபிளின் அடிப்பாகத்தில் கனத்த ரப்பர் வைக்கப்பட்டதும் அதிர்வைத் தாங்குவதற்காகவே; ஆடும் மேசைமேல் வைத்துவிட்டு அந்த ரப்பரையே நம்பியிருப்பது சரியன்று.

ஆகவே, ஒவ்வோர் ஊசியும் ஓடிய மணிக்கணக்கை ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். மேசையை ஒலிபெருக்கியிலிருந்து விலக்கிப் போடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் ஊசி எடைபார்க்கும் சிறு தராசோடு எங்களுக்கு அரைமணி நேரம் கொடுங்கள். இவற்றில் எதுவும் இயலாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் கார்ட்ரிட்ஜை நானே கொண்டுவருகிறேன்; மறுபதிப்பு இல்லாத தட்டுகளை வீட்டில் வைத்துவிட்டு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய டைம்கோட் தட்டுகளோடு (கணினியிலுள்ள பாட்டை இயக்கும் குறியீட்டு ஒலி பதிந்தவை) வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் இசைக்கும் ஒரு டிஜே