மீட்டிங்கின் முதல் ஏழு நிமிடம்

அன்புள்ள கண்ணா,

டீமில் எட்டுப் பேர், அதில் மூன்று பேரைத் திரையில் மட்டும்தான் பார்க்கிறாய், மீட்டிங்கில் நீ ஒருவன்தான் பேசுகிறாய் என்று எழுதியிருந்தாய். “இதுவா, அதுவா” என்று கற்பனைக் கேள்வி கேட்டு எல்லோரையும் பேசவைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் எங்கிருந்தோ ஒரு நூறு கேள்விப் பட்டியலை எடுத்து வாரத்துக்கு ஒன்றாக வாசிக்காதே. மூன்றாவது வாரமே எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்வி ஒரு சாக்குதான். பதிலுக்குப் பின்னால் இருக்கும் காரணம் வெளியே வர வேண்டும். அது வந்தபோது நீ அதை எப்படிக் கேட்டுக்கொள்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கேள்வியைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் சம கனமாக இருக்க வேண்டும். உனக்கே படித்துப் பார்: யோசிக்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தக் கேள்வி உதவாது. எட்டுப் பேரும் ஒரே பதில் சொன்னால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அடுத்து, வரம்பைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடு. “பறக்கும் சக்தியா, மறையும் சக்தியா?” என்று மொட்டையாகக் கேட்டால் “எவ்வளவு உயரம் பறக்கலாம், துணியும் சேர்ந்து மறையுமா” என்று நிபந்தனை விசாரணையிலேயே நேரம் போய்விடும். பதில் சொல்ல யாருக்கும் பணமோ, படிப்போ, குடும்பமோ, வெளிநாட்டு அனுபவமோ தேவைப்படக் கூடாது. “விடுமுறைக்குக் கடலா, மலையா?” என்பது பார்க்க அப்பாவியாக இருக்கும். விடுமுறைக்கு எங்கேயும் போக வழியில்லாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது குத்தும்.

ஒரு உதாரணம் தருகிறேன். “ஒரு வருஷம் முழுக்கக் காலை 6 மணிக்கு ஆரம்பித்து மதியம் 2 மணிக்கு முடிக்கணும், இல்லேன்னா 11 மணிக்கு ஆரம்பித்து இரவு 7 மணிக்கு முடிக்கணும். எதை எடுப்பீங்க?” இரண்டிலும் எட்டு மணி நேரம்தான், அதனால் உழைப்பு கூடக் குறைய என்ற பேச்சே எழாது. ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டதால் “சில நாள் இப்படி, சில நாள் அப்படி” என்று நழுவவும் முடியாது. யாரும் நல்லவராகவோ சோம்பேறியாகவோ தெரிய மாட்டார்கள்.

நடத்தும் முறை இப்படி இருக்கட்டும். கேள்வியை ஒரு தடவை வாசி, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியும் வை. ஒரு முழு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்க விடு. பிறகு எல்லோரும் பதிலை எழுத வேண்டும். திரையில் இருப்பவர்கள் சாட்டில் டைப் செய்து வைத்துக்கொண்டு, நீ மூன்று எண்ணி முடித்ததும் அனுப்பட்டும். அறையில் இருப்பவர்கள் அதே நொடியில் தாளைத் திருப்பிக் காட்டட்டும். “இந்தப் பக்கம் நிற்பவர்கள், அந்தப் பக்கம் நிற்பவர்கள்” என்று அறையைப் பிரிப்பது பலருக்குப் பிடிக்கும், ஆனால் திரையில் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். எழுந்து நடக்கச் சிரமப்படுபவருக்கும் அது சங்கடம். உன் டீமுக்கு எழுத்துதான் சரி.

எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த, ஒரு கோட்டுக்குச் சம நீளமான கோடு எது என்று கேட்கும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பாய். முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தவறான கோட்டைக் காட்டினால், கண்ணுக்கு நேரே உண்மை தெரிந்தும் பலர் அதே தவறைச் சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அப்படி இணங்கிப்போனார்கள். பதிலைத் தாளில் தனியாக எழுதலாம் என்றதும் அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இந்தக் கதி என்றால், மேனேஜர் முதலில் வாய் திறந்த பிறகு மற்றவர்கள் சொல்வதற்கு என்ன மதிப்பு? அதனால் நீயும் எழுது, ஆனால் உன் காரணத்தைக் கடைசியாகச் சொல்.

பிறகு ஒவ்வொருவராகக் காரணம் சொல்லும் சுற்று. ஆளுக்கு 40 நொடி, எட்டுப் பேருக்கு ஐந்து நிமிடம் இருபது நொடி ஆகும். வாசிக்கவும் யோசிக்கவும் ஒன்றரை நிமிடம் போனால் மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதே முறையில் பதினைந்து பேர் என்றால் சுற்றுக்கு மட்டும் பத்து நிமிடம் பிடிக்கும், கடைசி ஆளின் முறை வருவதற்குள் முதல் ஆள் போனை எடுத்துவிடுவார். டீம் பெரிதானால் மூன்று நான்கு பேராகப் பிரித்துவிடு. பிரித்த பிறகு ஒவ்வொரு குழுவும் திரும்பி வந்து எல்லோருக்கும் அறிக்கை வாசிக்கச் சொல்லாதே, பேச்சின் உயிர் அதிலேயே போய்விடும்.

யார் முதலில் என்பதை வாரா வாரம் மாற்று. “அடுத்து யார்?” என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் அதே இரண்டு பேர்தான் முந்துவார்கள். திரையில் இருப்பவரிடமிருந்து தொடங்குவது நல்லது, அவர்கள்தான் சுற்றின் வாலில் மறக்கப்படுபவர்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம். ஒருவர் “11 மணி” என்று சொல்கிறார். நீ “ஏன்?” என்று கேட்டால் அது விசாரணை மாதிரி ஒலிக்கும். “தூக்கம் பிடிக்கும்” என்று சிரித்து முடித்துவிடுவார். அதையே “அந்தக் காலை நேரத்தை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுப் பார். “யாரும் கூப்பிடாத நேரத்துலதான் எனக்கு யோசனை ஓடும், ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில தனியா உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிச்சிடுவேன்” என்பார். இப்போது உனக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது: இந்த மனிதருடைய நல்ல நேரத்தில்தான் தினமும் பத்து மணி மீட்டிங் நடக்கிறது. அங்கேயே “அப்போ மீட்டிங்கை மாத்திடலாமா?” என்று பாயாதே. சிரித்துக்கொண்டிருந்த பேச்சு ஒரு நொடியில் நிர்வாகப் பேச்சாகிவிடும். பிறகு தனியாக, “அன்னைக்குச் சொன்னீங்களே, பத்து மணி மீட்டிங் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?” என்று கேள். சொன்னது காதில் விழுந்திருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் அவர் பேசுகிற விதமே வேறாக இருக்கும்.

பதில் முடிந்ததும் உடனே நிரப்பாமல் மூன்று நொடி பொறு. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களில் கண்டது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அலுவலகத்திலும் மனிதர்கள் அதே மனிதர்கள்தான். மூன்று நொடி மௌனம் உனக்கு மூன்று நிமிடம் போலத் தோன்றும். தோன்றட்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இன்னொன்று, அணி பிரிவது. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பள்ளி மாணவர்களை அற்ப காரணங்களை வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு சோதனையில், இந்த ஓவியரின் படம் பிடிக்குமா அந்த ஓவியரின் படம் பிடிக்குமா என்பதுதான் பிரிவு. அந்த அற்ப காரணமே போதுமாக இருந்தது, பணத்தைப் பங்கிடச் சொன்னபோது பையன்கள் தங்கள் பக்கத்தாருக்கு அதிகமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். நீ கேட்கப்போவதும் இரண்டு பக்கமாகப் பிரிக்கும் கேள்விதான். அதனால் ஓட்டு எண்ணாதே, “ஐந்துக்கு மூன்று” என்று அறிவிக்காதே, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று விவாதம் வைக்காதே. ஒவ்வொரு வாரமும் கேள்வியின் தன்மையை மாற்று, அப்போதுதான் கூட்டணிகள் கலைந்து கலைந்து சேரும். போன வாரம் எதிரில் இருந்தவர் இந்த வாரம் பக்கத்தில் வந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

எவ்வளவு ஆழம் போகலாம்? உளவியலாளர் ஆர்தர் ஆரனும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட 36 கேள்விகளைப் பலர் டீம்களில் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். அதில் மூன்று தொகுதி, தொகுதிக்கு 12 கேள்வி, போகப்போக அந்தரங்கம் கூடும். முன்பின் தெரியாத இருவர் 45 நிமிடம் மாறி மாறிப் பதில் சொன்னால் நெருக்கம் கூடுகிறதா என்று பார்க்க உருவானது அது. அங்கே யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. உன் டீமில் நீ அவர்களுடைய அப்ரைசல் எழுதுகிறவன். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மெல்ல ஏற வேண்டும், இருவரும் சம அளவு திறக்க வேண்டும் என்பது மட்டும். வேலையிடத்தில் முதல் படியோடு நின்றுவிடுவது மரியாதை.

அதனால் சில கேள்விகளைத் தொடவே தொடாதே. உடம்பு, எடை, நோய், திருமணம், குழந்தை, மதம், அரசியல், கடன், சாவு. “யாரைக் காப்பாற்றுவீர்கள்” வகைத் தர்மசங்கடங்களும் வேண்டாம், துக்கத்தில் இருப்பவர் யார் என்று உனக்குத் தெரியாது. டீமில் உள்ள ஒருவரையே தேர்வாக வைக்கும் கேள்வியும் வேண்டாம். “சம்பள உயர்வா, கூடுதல் லீவா?” என்பதும் “வீட்டிலிருந்து வேலையா, ஆபீசா?” என்பதும் ஆபத்து. மேலிடம் ஏதோ முடிவெடுக்கப்போகிறது, நம் வாயைக் கிளறுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. ஒரு முடிவுக்கு உண்மையிலேயே அபிப்பிராயம் வேண்டுமென்றால் நேராகக் கேள், விளையாட்டுக்குள் ஒளித்துக் கேட்காதே.

முதல் நான்கைந்து வாரம் லேசான கற்பனைகள் போதும். “ஆபீஸ் கதவு தினமும் உங்க பேரைச் சத்தமாச் சொல்லி வரவேற்கணுமா, நீங்க வந்ததே யாருக்கும் தெரியாம இருக்கணுமா?” “நீங்க அனுப்புற மெயில் எல்லாம் சின்ன வயசு டீச்சர் குரல்ல படிக்கப்படணுமா, உங்களுக்கு வர்ற மெயில் எல்லாம் பாட்டா ஒலிக்கணுமா?” சிரிப்பு வந்துவிட்ட டீமில் பிறகு வேலையைத் தொடும் கேள்விகளைக் கொண்டுவா: “பாதி முடிந்த வேலையை இன்னைக்கே காட்டணுமா, முழுசா முடிச்சு அடுத்த வாரம் காட்டணுமா?” “உங்க வேலையில தப்பு இருந்தா உடனே மெசேஜ் வரணுமா, மறுநாள் நேர்ல சொல்லணுமா?” என்னைக் கேட்டால் இவைதான் தங்கம். பாதி வேலையைக் காட்டக் கூசுகிறவருக்கும் பாதியிலேயே பார்க்க ஆசைப்படுகிறவருக்கும் நடுவில் மாதக்கணக்காக ஓடும் மனத்தாங்கலுக்கு, யார்மீதும் பழி இல்லாமல் இங்கே ஒரு பெயர் கிடைக்கிறது.

பதில் சொல்லாமல் “பாஸ்” என்று விலகிக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது. இதை வாயால் சொன்னால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள். தொடக்கத்தில் ஒரு வாரம் நீயே “இந்த வாரம் நான் பாஸ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்து காட்டு. “இரண்டும் வேண்டாம், மூன்றாவது வழி இருக்கிறது” என்று சொல்கிறவரை மடக்காதே. ஒன்றைத் தேர்ந்து எழுதச் சொல், அந்த மூன்றாவது வழியைத் தன் 40 நொடியில் சொல்லட்டும். பல நேரம் அதுதான் சுவாரசியமான பதில். மீட்டிங் நடக்கும் மொழி யாருக்காவது சரளமில்லை என்றால் கேள்வியை முந்தின நாளே எல்லோருக்கும் அனுப்பிவிடு. அவருக்கு மட்டும் தனியாக அனுப்பாதே.

யாருடைய பதிலையும் பட்டப்பெயராக்க விடாதே. “நம்ம பதினோரு மணி ஆள் வந்துட்டார்” என்று ஒரு தடவை யாராவது சொல்லி எல்லோரும் சிரித்தால், அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் பாதுகாப்பான பதில்தான் சொல்வார்கள். அந்த இடத்திலேயே மெதுவாகப் பேச்சை மாற்று. பதில்களை எங்கேயும் பதிவு செய்து வைக்காதே, அப்ரைசலில் அதன் நிழல்கூட விழக் கூடாது.

வாரத்துக்கு ஒரு தடவை போதும், அவசரமில்லாத மீட்டிங்கில். டெட்லைன் கழுத்தைப் பிடிக்கும் நாளிலும், யாரையாவது வேலையைவிட்டு அனுப்பிய வாரத்திலும் விட்டுவிடு. இரண்டு பேருக்குள் நிஜமான சண்டை இருந்தால் அதைத் தனியாக உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டும். ஆளுக்கு மீறிய வேலைச் சுமையையும் எந்தக் கேள்வியும் குறைக்காது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1999இல் ஒரு நிறுவனத்தின் 51 டீம்களை ஆராய்ந்து வெளியிட்டார். தவறையும் சந்தேகத்தையும் வாய்விட்டுச் சொன்னால் தலை உருளாது என்று நம்பும் டீம்தான் கற்றுக்கொள்கிறது என்று அதில் தெரிந்தது. அந்த நம்பிக்கை உன் ஏழு நிமிடத்தில் முளைக்கலாம். ஆனால் எட்டாவது நிமிடத்தில் ஒருவர் “நேத்து நான் அனுப்பின ஃபைல் தப்பு” என்று சொல்லும்போது உன் முகம் எப்படிப் போகிறது என்பதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆறேழு வாரம் கழிந்ததும் கேள்வி போடும் வேலையை அவர்களிடமே கொடு, சுழற்சியில். கேள்வியை மட்டும் முந்தின நாள் நீ ஒரு தடவை பார்த்துக்கொள்: சமமாக இருக்கிறதா, வரம்பு இருக்கிறதா, யாரையாவது குத்துமா. அவர்களே கேள்வி போடும் வாரம் நீ மற்றவர்களில் ஒருவனாக உட்கார்ந்து உன் 40 நொடியை மட்டும் பேசு. முதல் வாரத்துக்கு அந்த 6 மணி, 11 மணி கேள்வியையே வைத்துக்கொள். எப்படிப் போனது என்று எழுது, குறிப்பாகத் திரையில் இருக்கும் அந்த மூன்று பேரும் என்ன சொன்னார்கள் என்று.

அன்புடன்,
அம்மா