பரிசு வாங்கினப்புறம் வாத்தியார் ஆகல, சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க இசையமைப்பாளர், பியானோ கலைஞர் ஜார்ஜ் வாக்கர் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, பார்த்ததும் சந்தோஷமாதான் இருந்துச்சு, தமிழ்ல அவரப் பத்தி யார் எழுதுறா. ஆனா இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கின பிறகு காலேஜ்ல பேராசிரியரா சேர்ந்தார்னு ஒரு வரி வந்திருக்கே, அது அப்படியே தலைகீழ். நியூஜெர்சி ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட நியூவார்க் கேம்பஸ்ல மனுஷன் 1969ல சேர்ந்து 1992ல ரிட்டயர் ஆயிட்டார், பரிசு வந்தது 1996ல, வயசு அப்ப 73. ரட்கர்ஸுக்கு முன்னாடியே டில்லார்ட் யுனிவர்சிட்டி, ஸ்மித் காலேஜ், கொலராடோ யுனிவர்சிட்டின்னு ஊர் ஊரா போய் பாடம் நடத்தியிருக்கார்.

ஒரு தேதிதானேன்னு விட மனசு வரல. நானும் ஒரு மியூசிக் காலேஜ்ல 26 வருஷம் வயலின் டீச்சரா குப்பை கொட்டினவ. காலைல முதல் பீரியட் சரளி வரிசை, மதியம் அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க், சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒரு சரணம் எழுத உட்கார்றதுக்குள்ள கண்ணு சொக்கும். அப்படி எழுதின ஏழு கீர்த்தனை ஒரு நோட்டுல இருக்கு, அட்டையில எண்ணெய்க் கறை. அதனாலதான் கேக்குறேன், வேலை பாத்துக்கிட்டே எழுதினவரை, பேரு வந்தப்புறம் சொகுசா போய் உக்காந்தவர் மாதிரி காட்டினா எப்படி?

அவர் முதல்ல ஆசைப்பட்டது வாத்தியார் வேலைக்கே இல்ல, பியானோ கச்சேரிக்கு. பிலடெல்பியால கர்ட்டிஸ் இன்ஸ்டிடியூட்ங்கிற மியூசிக் காலேஜ்ல ருடால்ஃப் செர்கின்ங்கிற பியானோ மேதைகிட்ட பியானோ படிச்சு 1945ல முடிச்சார், அங்க பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவர். அதே வருஷம் நியூயார்க் டவுன் ஹால்ல தனிக்கச்சேரி, அப்புறம் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோட ராக்மனினாஃபோட மூணாவது பியானோ கான்சர்ட்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோட சேர்ந்து ஒரு தனிக் கருவி முன்னாடி நின்னு வாசிக்கிற படைப்பு), விரல் ஒடியிற அயிட்டம் அது. இவ்வளவு இருந்தும் தோலு நிறத்தப் பார்த்து கச்சேரி குடுக்க அமெரிக்காவுல ஆளு கம்மி. 1954ல ஐரோப்பாவுல ஏழு நாடு சுத்தி வாசிச்சுட்டு வந்தார், ஊர்ல கதை மாறல. 1956ல ஈஸ்ட்மேன்ங்கிற மியூசிக் ஸ்கூல்ல டாக்டரேட்டும் வாங்கினார், அதுலயும் அவர்தான் முதல் கறுப்பினத்தவர். இந்த 'முதல்' 'முதல்'னு அடுக்கிக்கிட்டே போறத படிச்சா எனக்கு சலிப்பாதான் இருக்கு, கதவு அத்தனை நாளா சாத்தியிருந்துச்சுன்னுதானே அதுக்கு அர்த்தம்.

உங்க கட்டுரையில அவரோட 'லிரிக் ஃபார் ஸ்ட்ரிங்ஸ்'ங்கிற படைப்போட பேரு மட்டும் வந்துச்சு. அது 1946ல ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டோட (ரெண்டு வயலின், வயோலா, செல்லோன்னு நாலு பேர் வாசிக்கிறது) நடுப்பகுதியா எழுதினது, பாட்டி நினைவா. அந்தப் பாட்டி அடிமையா இருந்தவங்க. ஆறு நிமிஷம்தான் வரும். முதல் வயலின் ஒரு வரிய எடுக்கும், மத்தது ஒண்ணொண்ணா அதைப் பின்தொடர்ந்து வரும், நடுவுல எல்லாம் நின்னு மூச்சு விடுற மாதிரி ஒரு இடம், அப்புறம் ரெண்டு தடவை உச்சிக்கு ஏறி இறங்கி அமைதியா முடியும். ஒப்பாரி மாதிரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகிற அழுகை இல்ல, கொல்லைப்புறத்துல தனியா நின்னு முந்தானையால கண்ணத் தொடச்சிக்கிற அழுகை. கேளுங்க சார், ஹெட்ஃபோன்ல கேளுங்க.

பரிசு வாங்கின 'லைலாக்ஸ்' லிங்கன் செத்தப்ப வால்ட் விட்மன் எழுதின கவிதைய வச்சு செஞ்சது. ரோலண்ட் ஹேய்ஸ்ங்கிற கறுப்பின டெனர் (ஆண்கள்ல உச்சக் குரல்) பாடகரக் கவுரவிக்கன்னு பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா கேட்டு வாங்கினது, ஆனா கடைசியில பாடினது ஒரு சோப்ரானோ (பெண்கள்ல உச்சக் குரல்) பொம்பளை, இந்தக் கூத்தையெல்லாம் விட்டுட்டீங்களே!

வயலின்காரியா இன்னொண்ணு சொல்லியே ஆகணும். வாக்கரோட மகன் கிரெகரி வயலின் வாசிக்கிறவர். அவருக்காக அப்பா எழுதின கான்சர்ட்டோவ 2009ல மகன் வாசிச்சார், அதே பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோட. அப்பா பியானோவுல உக்காந்து 64 வருஷம் கழிச்சு!

அடுத்த இதழ்ல ஒரே ஒரு வரி திருத்தம் போட்டுடுங்க: ரிட்டயர்மென்ட் 1992, பரிசு 1996. இடம் பத்தலைன்னா என் லெட்டர வெட்டிட்டாவது அதப் போடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு வயலின் டீச்சர்,
கும்பகோணம்