சுவிட்சைப் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சந்தேகமே வேண்டாம், உன் கைக்கு வந்திருப்பது பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினிதான், மாடல் பி. மேல் வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்து விசைகள் இருக்கின்றன பார், அவற்றை எந்த இருட்டிலும் அடையாளம் சொல்வேன்.

போனில் "பிளக்கைச் செருகாதே" என்று நான் கத்தியதில் மாப்பிள்ளைக்கு மனத்தாங்கல் என்று அம்மா சொன்னாள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பழைய கணினியைக் கையில் எடுக்கும் எவருக்கும் முதலில் வருகிற ஆசை அதுதான்: செருகித்தான் பார்ப்போமே, ஓடுகிறதா என்று. நன்றாக இருக்கிற பெட்டிகள் பல அந்த ஆசையில்தான் கெட்டுப்போகின்றன. போனில் சொன்னால் பாதி காதில் விழாது. எழுதிவிட்டால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

முதலில் மூடியைக் கழற்றுங்கள். பின்பக்கம் இரண்டு, அடியில் இரண்டு என்று நான்கு ஸ்குரூக்கள். பக்கத்திலேயே 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருக்கும். இப்போது வருகிற லேப்டாப்பைத் திறக்க எத்தனை விதமான டிரைவர் வேண்டியிருக்கிறது! இதைச் செய்தவர்கள், திறந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தே செய்தார்கள். உள்ளே இடப்பக்கம் மூடிய பெட்டியாக இருப்பது பவர் சப்ளை. அதிலிருந்து ஏழு வயர்கள் போர்டுக்குப் போகும்: மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு, ஒரு ஊதா. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூஜ்யம், ஊதா மைனஸ் 5. பிடுங்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள். மாற்றிச் செருகினால் அதோடு முடிந்தது கதை.

அந்த பவர் சப்ளைக்குள், மின்சாரம் நுழைகிற இடத்திலேயே, தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பாகம், இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட். மெயின்ஸ் லைனில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்தது. உள்ளே உலோகம் பூசிய காகிதம், மேலே பிசின் உறை. வருடங்கள் ஆக ஆக உறையில் மயிரிழை போல விரிசல் விடும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். விரிசல் வழியாக ஈரம் உள்ளே போய்க் காகிதத்தில் ஊறிவிடும். உங்கள் இங்கிலாந்து ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? சுவிட்சைப் போட்டதும் பெட்டி அழகாக ஓடும். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து 'பட்' என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, அடுத்த நாள் வரைக்கும் போகாத நாற்றம். போர்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டின் புகை அலாரம் அலறி, குழந்தை பயந்து, நீ அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவாய். அதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன்.

அதே அளவில், அதே எக்ஸ்-2 வகையில் (மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே போடத் தகுந்த வகை), பிளாஸ்டிக் ஃபிலிம் கெபாசிட்டர் இப்போது சில காசுக்குக் கிடைக்கிறது. பக்கத்தில் அதே சாயலில் சின்னதாக இன்னொன்று இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். ஆனால் அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இதை நன்றாகப் படி. மெயின்ஸ் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடுகிற டிசியாக மாற்றிய பிறகு அதைத் தேக்கி வைத்திருக்கிற பெரிய கெபாசிட்டர் ஒன்று உள்ளே உண்டு. ஓடும்போது அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ஒரு நாள் சும்மா விட்டு, மல்டிமீட்டரை டிசியில் வைத்து அதன் இரண்டு கால்களிலும் அளந்து, பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுகிற வீரமெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளைக்கு ஈயம் வைத்துச் சால்டர் செய்து பழக்கம் இல்லையென்றால் பவர் சப்ளையை மட்டும் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுத்து வாங்குங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது.

மாற்றியதும் உடனே போர்டோடு இணைத்துவிடாதே. சும்மா ஓடவிட்டாலும் இந்த வகை சப்ளை சரியாகப் பேசாது, ஏதாவது லோடு கேட்கும். ஒரு கார் பல்பை சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் போட்டு, மீட்டரில் 5 வருகிறதா என்று பார். வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மாப்பிள்ளை கேட்டாராம். உனக்கே முழுக்கச் சொன்னதில்லை. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிமுகம் செய்ய. அதற்குத் தேர்ந்தெடுத்த கணினி இதுதான். லண்டனில் பிபிசி தன் நிகழ்ச்சிக்காக கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனத்திடம் செய்யச் சொன்ன கணினி, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து மேசை மேல் வந்து உட்கார்ந்தது. மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் இங்கேயே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதைச் செய்தது. அப்போது நான் ஒரு சர்வீஸ் கம்பெனியில் டெக்னீஷியன். நீ பிறக்கவே இல்லை. பஸ்ஸில் டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவேன். கணினி அறைக்கு மட்டும் ஏசி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், சாவி தலைமை ஆசிரியரிடம். பிள்ளைகளைவிட அந்தப் பெட்டியைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் பல்லிக்கு ஏசி அறை என்ன, எந்த அறை என்ன? மூடியைத் திறந்தால் பவர் சப்ளையின் கதகதப்பில் இரண்டு வெள்ளை முட்டைகள் இருக்கும். சாக்பீஸ் தூள் விசைகளுக்கடியில் மாவாகப் படிந்திருக்கும்.

உன் பெட்டிக்குப் பல்லியும் சாக்பீஸும் இருக்காது, துரு இருக்கும். ஐசிக்கள் பலவும் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. கால்களில் கறை பிடித்து, தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். ஒவ்வொன்றாக, இரு முனையிலும் மாற்றி மாற்றி மெதுவாக நெம்பி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கால்களைத் துடைத்து, திரும்பச் செருகு. ஒரு முனையில் வெட்டு இருக்கும். எடுத்த திசையிலேயே போட வேண்டும். நான் சர்வீஸ் பார்த்த காலத்தில் "ரிப்பேர்" என்று வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். திரைக்குப் படம் அனுப்புகிற வீடியோ யுஎல்ஏ என்று ஒரு சிப் கை சுடும் அளவுக்குக் கொதிக்கும். அதன் முதுகில் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் ஒட்டு. நல்ல வேளையாக மாடல் பி-யில் பேட்டரி கிடையாது. நம் வீட்டுப் பரணில் இருக்கிற 386 என்ற பழைய பிசியின் போர்டை நீ பார்த்திருக்கிறாய். கடிகாரத்துக்காக வைத்த பேட்டரி கசிந்து, தாமிரக் கோடுகளைப் பச்சையாக அரித்து வைத்திருக்கிறது. வினிகரால் கழுவி, அறுந்த இடத்திலெல்லாம் மெல்லிய வயர் போட்டு இப்போதுதான் வழிக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன்.

எல்லாம் ஆன பிறகு, பெட்டியைத் திறந்தபடியே வைத்து, சுவிட்சைப் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக் கேள். 'பூ' என்று ஒரு தாழ்ந்த ஒலி, அது முடிவதற்குள் 'பிப்' என்று மேலே ஒரு ஒலி. அவ்வளவுதான். முதல் ஒலி யாரும் கேட்காமல் வருவது. கரண்ட் வந்ததும் ஒலிச் சிப் தானாகவே கத்தும். பிறகு பிராசஸர் கண் விழித்து, ரோம் என்ற நிரந்தர நினைவகச் சிப்பில் இருக்கிற நிரலைப் படித்து, அந்தச் சிப்பை அடக்கி, தான் வந்துவிட்டேன் என்று இரண்டாவது ஒலியை எழுப்பும். ஆகவே இரண்டும் கேட்டால் பிராசஸர், ரோம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம், திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி. முதல் ஒலி நிற்காமல் 'பூ' என்று போய்க்கொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட்டு எனக்குப் போன் செய். பயப்படாதே, சாகவில்லை; எங்கோ ஒரு கால் சரியாக உட்காரவில்லை என்றே எடுத்துக்கொள்.

டிவியோடு இணைப்பது பற்றி இப்போது கவலை வேண்டாம். ராஸ்பெர்ரி பை ஜீரோவை வைத்து இதன் வண்ண சிக்னலை எச்டிஎம்ஐ ஆக்குகிற சின்ன போர்டு உங்கள் ஊரிலேயே கிடைக்கும். ஃபிளாப்பிக்குப் பதில் பென் டிரைவ் செருகுகிற கருவியும் வந்துவிட்டது. அதெல்லாம் கடையில் வாங்குகிற சமாசாரம்.

இனி, மூடி மஞ்சளாகிப்போன விஷயம். மாப்பிள்ளை இணையத்தில் பார்த்ததைச் சொன்னாராம்: ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால் மூடி புதுசு போல வெளுத்துவிடும் என்று. வெளுக்கும், உண்மைதான். கொஞ்சம் கை தப்பினால் திட்டுத் திட்டாக வெளுக்கும். சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் வரும். எனக்கு அந்த வேலையே பிடிக்காது. ஏதோ பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் தட்டிய பெட்டி அது. மூன்றாவது படத்தில், பக்கவாட்டில் வெள்ளை மையால் 'ரூம் 6' என்று எழுதியிருக்கிறதே, அதைச் சுரண்டிவிடாதீர்கள். அழுக்கைத் துடைக்கலாம், சோப்புத் தண்ணீர் போதும். வேலை செய்வதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் மாற்றுங்கள், கழற்றிய பாகத்தை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சீல் உடைக்காத டப்பாவாக வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒத்துவராது.

நீங்கள் இருக்கிற மில்டன் கீன்ஸிலேயே பிளெட்ச்லி பார்க் இருக்கிறது. அங்கே தேசியக் கணினி அருங்காட்சியகத்துக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கொலோசஸ் என்று சுவர் உயரத்துக்கு ஒரு இயந்திரம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கக் கட்டியது. போர்க்காலத்து அசலைப் பிரித்துப்போட்டு வரைபடங்களையும் எரித்துவிட்டார்கள். டோனி சேல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் மிஞ்சிய சில போட்டோக்களையும் பழைய பொறியாளர்களின் ஞாபகத்தையும் வைத்து அதைத் திரும்பக் கட்டினார்கள். மலைக்க வைக்கிற வேலை. ஆனால் எனக்கு அதே கட்டடத்தில் இருக்கிற 'விட்ச்' மேல்தான் ஆசை. 1951இல் ஹார்வெல்லில் அணு ஆராய்ச்சிக் கணக்குகளுக்காக ஓடத் தொடங்கிய இரண்டரை டன் இயந்திரம். பிறகு ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்து, 1973இல் ஓய்வு பெற்று, கடைசியில் கிடங்கில் பிரிந்து கிடந்தது. தன்னார்வலர்கள் மூன்று வருடம் உட்கார்ந்து 2012 நவம்பரில் அதை மறுபடி ஓடவிட்டார்கள். அசல் உடம்பு, அசல் வால்வுக் குழாய்கள். எண்களைக் காட்டுகிற ஒளிப்புள்ளிகள் குழாய்க்குள் சுற்றி வருவதை வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். நீ நேரில் பார்த்துவிட்டு எழுது.

பேரனுக்கு இதில் என்ன இருக்கிறது, அவன் டேப்லெட்டில் விளையாடுகிறவன் ஆயிற்றே என்கிறாய். உன் கைப்பேசியில் இருக்கிற ஆர்ம் பிராசஸரின் பூர்வீகம் இந்தப் பெட்டிதான் என்று அவனுக்குச் சொல். பிபிசி மைக்ரோவை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் ஆர்மையும் வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் வந்த முதல் சிப்பை ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டினார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 'டியூப்' என்று எழுதிய இணைப்பு இருக்கும், அதன் வழியாக.

இதைவிட அவனுக்குப் பிடிக்கப்போவது வேறு ஒன்று. கட்டம் போட்ட நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் வரையச் சொல். ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரப்பிய கட்டங்களின் எண்ணைக் கூட்டினால் அந்த வரிசைக்கு ஒரு எண். 'ப' போட வேண்டுமா? இரு ஓரமும் நிரப்பினால் 128உம் 1உம் சேர்ந்து 129. அப்படி ஆறு வரிசை, ஏழாவது முழுக்க நிரப்பினால் 255, எட்டாவது காலி, 0. 'மோட் 4' என்று அடித்துவிட்டு, 'விடியு 23' என்ற கட்டளையோடு 224 என்று எழுத்துக்கு ஒரு எண் கொடுத்து, இந்த எட்டையும் வரிசையாகக் காற்புள்ளி போட்டு அடித்தால், கணினிக்கு 'ப' தெரிந்துவிடும். பிறகு 224ஆம் எழுத்தை அச்சிடு என்றால் திரையில் வந்து நிற்கும். எந்த மென்பொருளும் எழுத்துருவும் வேண்டாம். அந்தக் காலத்தில் மதிய இடைவேளைகளில் நான் செய்த வேலை இதுதான். 'ட', 'ப' சுலபம், நேர்க்கோடுகள். 'ழ' எட்டுக் கட்டத்தில் சுலபத்தில் அடங்காது. 'ணை'க்கு இரண்டு கட்டம் ஒதுக்க வேண்டும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போக அழுகிற பிள்ளை, ஆய்த எழுத்தை எங்கே மூன்று புள்ளியாக வைப்பது என்று உன்னிடம் வந்து சண்டை போடுவான், பார்.

கெபாசிட்டர் வாங்குவதற்கு முன், பழையதன் கால்களுக்கு இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள். போர்டில் 'இஷ்யூ' என்று போட்டு ஒரு எண் இருக்கும், அது போர்டின் பதிப்பு எண். அதையும் எழுதி அனுப்பு, அதற்கேற்ற சர்க்கியூட் படத்தை நான் எடுத்து வைக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது என் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு ஒரு கீபோர்டு மெம்பரேன், அதாவது விசைகளுக்கு அடியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், வாங்கி வா. இங்கே ரிச்சி தெரு முழுக்கக் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. உங்கள் ஊரில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மடிக்கக் கூடாது, ஏதாவது புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா