அந்த வருமான லிஸ்ட் பத்தி கமலாவுக்கு

அன்புள்ள கமலா,

உன் லெட்டர் வந்து நாளாச்சு, பதில் எழுதலாம்னு உட்கார்ந்தா ஏதாவது ஒண்ணு குறுக்க வந்துடுது. அத்தைக்குக் கண்ணுல புரை எடுத்தாச்சு, நல்லா தெரியுதாம், பேப்பர்ல பொடி எழுத்தைக்கூட அவங்களே படிச்சுக்கிறாங்க. சின்னவளுக்கு கொலம்பஸ்லயே வேலை கிடைச்சிருக்கு, அதனால வார கடைசியில வீட்டுக்கு வந்துடறா, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அண்ணாவோட முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? உங்க நியூ ஹாம்ப்ஷயர் மான்செஸ்டர் பனியில படியேறி இறங்கறது கஷ்டம்தான், பார்த்துக்கச் சொல்லு.

நீ அனுப்பின லிஸ்ட்டைப் பார்த்தேன், அமெரிக்காவுல எந்த வம்சாவளிக் குடும்பம் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்குதுங்கறது. ஐரோப்பாவுல ஸ்லோவீனியாவுல இருந்து வந்த ஸ்லோவீன்காரங்க மேல இருக்காங்க, பிரெஞ்சுக்காரங்களும் பிரெஞ்சு கனடாக்காரங்களும் அவங்களுக்குக் கீழ இருக்காங்க. அதுக்குக் கீழ நீ எழுதியிருந்தியே, "உங்க கிளீவ்லாந்து ஆளுங்க உழைப்பாளிங்க போல, எங்க ஊர் பிரெஞ்சுப் பேர்க்காரங்க சர்ச்சே கதின்னு இருந்து பின்தங்கிட்டாங்க"ன்னு, அந்த ஒரு வரிதான் எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நீ தப்பா நினைக்காத, ஆனா எனக்கு இதுல உடன்பாடே இல்லடி, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த லிஸ்ட்ல பிரெஞ்சுன்னு சொல்றாங்களே, அது யாரு? 2000 சென்சஸ்ல பிரெஞ்சு வம்சாவளின்னு எழுதிக்கொடுத்தவங்க கிட்டத்தட்ட 83 லட்சம் பேர், பிரெஞ்சு கனடியன்னு தனியா எழுதினவங்க 23 லட்சத்துக்கு மேல, ஸ்லோவீன்னு எழுதினவங்க சுமார் ஒண்ணே முக்கால் லட்சம்தான். அந்த 83 லட்சத்துக்குள்ள யார் வேணா இருக்கலாம், மதத்துக்காக பிரான்சை விட்டு ஓடிவந்த ஹியூகனாட் வம்சம் (அமெரிக்க சுதந்திரப் போராட்டத்துல பேர் வாங்கின பால் ரிவியரோட அப்பா அந்த மாதிரி வந்தவர்தான்), 1802ல டெலவேர்ல வெடிமருந்து ஆலை வச்ச டூபான்ட் குடும்பம் மாதிரி பரம்பரைப் பணக்காரங்க, 1755ல பிரிட்டிஷ்காரன் இன்னிக்குக் கனடாவுல இருக்கற அகேடியாவுல இருந்து துரத்தினதுல சிதறி லூசியானா சதுப்புநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தவங்களோட பிள்ளைங்க, எல்லாரையும் ஒண்ணாப் போட்டு ஒரு சராசரி எடுத்தா அது யாரோட வருமானம்? அரிசியும் பருப்பும் மிளகாயும் ஒரே மூட்டையில கட்டி எடை போட்ட மாதிரிதான். உனக்குப் பக்கத்துல ரோட் ஐலண்ட்ல வூன்சாக்கெட்னு ஒரு ஊர் இருக்கே, அங்க ஆலைக்கு முதல் போட்டவங்க பிரான்ஸ்ல ரூபே பக்கத்துல இருந்து வந்த கம்பளி முதலாளிங்க, உள்ள நின்னு நூல் நூத்தவங்க கனடாவுல பிரெஞ்சு பேசற கியூபெக் மாகாணத்து விவசாயிப் பிள்ளைங்க, ஒருத்தன் முதலாளி ஒருத்தன் கூலி, ரெண்டு பேரும் பேசினது பிரெஞ்சு. அந்த முதலாளிங்களை வரவழைச்சவர் ஆரம் பாத்தியேன்னு கியூபெக்ல பிறந்தவர், பின்னாடி அந்த மாநிலத்துக்கே கவர்னர் ஆனார்.

ஸ்லோவீன் கணக்கும் அப்படி ஒண்ணும் சுத்தமா இல்ல. 1910 சென்சஸ்ல தாய்மொழி ஸ்லோவீன்னு பதிவானவங்க, இங்க பிறந்த பிள்ளைங்களையும் சேர்த்து, 1,83,000 பேர். தொண்ணூறு வருஷம் கழிச்சு எண்ணிக்கை அதே அளவுல நிக்குதுன்னா நடுவுல பிறந்த பேரன் பேத்தியெல்லாம் எங்க போனாங்க? அவங்க வந்த காலத்துல ஊர் ஆஸ்திரியா ராஜ்ஜியத்துல இருந்துச்சு, அதனால நிறைய குடும்பம் ஆஸ்திரியன்னு சொல்லிக்கிச்சு, அப்புறம் யூகோஸ்லாவ்னு ஆச்சு, கல்யாணம் வேற இனத்துல பண்ணி மறந்தே போனவங்களும் உண்டு. இன்னிக்கும் ஃபார்ம்ல ஸ்லோவீன்னு ஞாபகமா எழுதறவங்கள்ல ஊரோட, ஹாலோட, சங்கத்தோட ஒட்டி நிலைச்ச குடும்பங்கதான் அதிகமா இருக்கும்னு எனக்குத் தோணுது. கீழ விழுந்து சிதறிப் போனவன் அந்தக் கட்டத்தை நிரப்பவே மாட்டான், அவன் வருமானம் அந்த சராசரியில சேரவும் சேராது.

சரி, கணக்கை விடு, வாழ்க்கைக்கு வரேன். நீ தினமும் பார்க்கற அந்த செங்கல் ஆலைக் கட்டடங்க, மெரிமாக் ஆத்தங்கரையில வரிசையா நிக்குமே, இப்ப கம்பெனி ஆபீஸ் காலேஜ்னு ஆயிடுச்சு, அதுதான் அமோஸ்கெய்க். ஒரு காலத்துல 17,000 பேர் வேலை பார்த்த இடம், அதுல பெரிய பங்கு கியூபெக்ல இருந்து ரயில் ஏறி வந்தவங்க. 1840ல இருந்து 1930 வரைக்கும் மொத்தமா 9 லட்சம் பேர் அப்படி கியூபெக்கை விட்டு வந்தாங்க, நிலம் துண்டு துண்டா பிரிஞ்சு கடன் ஏறி சோத்துக்கு வழியில்லாம. பருத்தி ஆலைக் கூலி ஆம்பளை ஒருத்தன் சம்பாதிச்சு குடும்பத்தைக் காப்பாத்தற கூலி இல்லடி, அப்பா அம்மா பத்துப் பன்னெண்டு வயசுப் பிள்ளை எல்லாரும் உள்ள போனாத்தான் வாடகை கட்ட முடியும். லூயிஸ் ஹைன்னு ஒரு போட்டோகிராஃபர் 1909 வாக்குல உங்க ஊர் ஆலைப் பிள்ளைங்களை எடுத்த போட்டோ நெட்ல கிடைக்கும், ஒரு தடவை பாரு, அப்புறம் அவங்களை சோம்பேறின்னு உன்னால நினைக்க முடியாது. வேலைக்குப் போன பிள்ளை பள்ளிக்கூடம் போகல, அந்தப் பிள்ளையோட பிள்ளைக்கும் படிப்புன்னா தூரத்து விஷயமா ஆயிடுச்சு. கியூபெக்லயும் அப்படித்தான், பள்ளிக்கூடம் கட்டாயம்னு சட்டம் வந்ததே 1943லதான். ஸ்லோவீன்காரங்க கிளம்பி வந்த ஆஸ்திரியாவுல 1869லயே அந்தச் சட்டம் வந்தாச்சு, அதனால அவங்க ஏழையா வந்தாலும் நிறைய பேர் எழுதப் படிக்கத் தெரிஞ்சு வந்தாங்க. இந்த ஒரு வித்தியாசத்தை நான் ஒத்துக்கறேன், ஆனா அது ரத்தத்துல வந்த குணம் இல்ல, எந்த சர்க்கார் பள்ளிக்கூடம் கட்டுச்சுங்கறது.

அப்புறம் அவமானம் வேற. 1881ல மாசச்சூசெட்ஸ் தொழிலாளர் புள்ளிவிவர ஆபீஸ் ஒரு ரிப்போர்ட்ல இவங்களை "கிழக்கு மாநிலங்களோட சீனர்கள்"னு எழுதுச்சு, அதுல சீனர்களுக்கும் அவமானம் இவங்களுக்கும் அவமானம். மெய்ன் மாநிலத்துல 1919ல பள்ளிக்கூடத்துல பிரெஞ்சுல பாடம் நடத்தக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க, லூசியானாவுல 1921ல அரசியல் சட்டத்துலயே எழுதிட்டாங்க. தன் பாஷை பேசினா தண்டனைன்னு வளர்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படிடி பிடிக்கும்?

கிளீவ்லாந்து கதை வேற. இங்க ஸ்லோவீன்காரங்க பெரும்பாலும் 1880க்கு அப்புறம் வந்தவங்க, செயின்ட் கிளேர் அவென்யூ சுத்தி இரும்பு, கம்பி ஆலைங்கள்ல வேலை. ஆரம்பத்துல இதுவும் நாய்ப்பொழப்புதான், ஒரு வீட்டுல காசு கொடுத்துத் தங்கிச் சாப்பிடற போர்டர்ஸ் ஏழெட்டு பேர், வீட்டம்மா எல்லாருக்கும் சமைச்சு துவைச்சுப் போட்டு அந்தக் காசைச் சேர்த்து வீடு வாங்குவாங்க. என் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா, அவங்க அம்மா அப்படி வாங்கின வீட்டைப் பத்திச் சொல்லும்போது குரல் மாறிடும். கிறிஸ்துமஸுக்கு வால்நட் வச்சுச் சுருட்டின பொட்டீட்சா ரொட்டி எங்களுக்கும் ஒரு துண்டு கொடுத்து அனுப்புவாங்க, அவங்க அப்பா இரும்பு ஆலை, புருஷனும் இரும்பு ஆலை, மூணு பிள்ளைங்களும் காலேஜ்.

இதுலதான் விஷயம் இருக்கு கமலா. பருத்தி ஆலை எப்ப செத்துச்சு, இரும்பு ஆலை எப்ப செத்துச்சுன்னு பாரு. 1922ல அமோஸ்கெய்க் கூலியை 20 சதவீதம் வெட்டி வாரத்துக்கு 48 மணி நேரத்தை 54 ஆக்குச்சு, ஜனங்க மாசக்கணக்கா ஸ்டிரைக் பண்ணினாங்க, பட்டினி கிடந்தாங்க, ஜெயிக்கல. தெற்கு மாநிலத்துல கூலி கம்மின்னு பருத்தி வேலை அங்க ஓடிடுச்சு, 1935 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கம்பெனி திவால்னு கோர்ட்டுக்குப் போயிடுச்சு, டிப்ரெஷன்னு சொல்ற பெரிய பொருளாதார மந்தத்துக்கு நடுவுல. அப்ப வேலை இழந்தவன் பிள்ளைக்கு இன்னும் ஹைஸ்கூல்கூட எட்டல, யூனியனுக்கும் பலம் இல்ல, கையில சேமிப்பும் இல்ல. இங்க அதே சமயம், 1937ல யூஎஸ் ஸ்டீல் யூனியனை ஏத்துக்குச்சு, மத்த கம்பெனிங்களும் கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வந்துச்சு, யுத்தத்துக்கு அப்புறம் முப்பது வருஷம் இரும்பு ஆலைக் கூலி அப்படி ஒரு கூலி, ஒருத்தன் சம்பளத்துல வீடு கார் பிள்ளை படிப்பு எல்லாம் நடந்துச்சு. யுத்தத்துக்குப் போய் வந்தவனுக்கு சர்க்கார் செலவுல காலேஜ். எழுபதுகள் கடைசியில இங்கயும் ஆலைங்க மூட ஆரம்பிச்சப்ப ஸ்லோவீன் வீட்டுப் பேரப்பிள்ளைங்க நிறைய பேர் அதுக்குள்ள யூக்ளிட், மென்டர்னு புறநகர்ல டீச்சராவும் இன்ஜினியராவும் உட்கார்ந்தாச்சு. இடி ரெண்டு ஊர்லயும் விழுந்துச்சு, ஒரு ஊர்ல நாப்பது வருஷம் முன்னாடி விழுந்துடுச்சு, அவ்வளவுதான்.

நான் சொல்றது சும்மா இல்லங்கறதுக்கு மினசோட்டா இரும்புச் சுரங்க ஊருங்களைப் பாரு, ஈலி, சிஸம், எவ்லெத், அங்கயும் இதே ஸ்லோவீன்காரங்கதான், செனட்டர் ஏமி குளோபுசாரோட தாத்தா ஈலியில சுரங்கத்துல வேலை பார்த்தவர். எண்பதுகள்ல அங்க சுரங்க வேலை படுத்ததும் படிச்ச பிள்ளைங்க மினியாபொலிஸ் பக்கம் போயிட்டாங்க, மிச்சம் இருந்த ஊருங்க கஷ்டப்பட்டுச்சு. ஒரே ஜனம், ஒரே பாட்டு, ஒரே பொட்டீட்சா, இடம் மாறினா வாழ்க்கை மாறுது. லியா பூஸ்டன், ரான் அப்ரமிட்ஸ்கின்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பழைய சென்சஸ் ஏடுகளை லட்சக்கணக்குல கோத்துப் பார்த்ததுலயும் கிட்டத்தட்ட இதான் தெரியுது, குடியேறினவங்க பிள்ளைங்க மேல வந்ததுக்குப் பெரிய காரணம் அப்பா அம்மா எந்த ஊர்ல போய் இறங்கினாங்கங்கறது.

சர்ச் விஷயத்துக்கு வரேன், ஏன்னா உன் பேச்சுல அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. ஆலைக் கூலியில மெய்ன்ல இருக்கற லூயிஸ்டன்ல பிரெஞ்சு ஜனங்க ஒரு பெரிய பசிலிக்கா சர்ச் கட்டினாங்க, 1906ல ஆரம்பிச்சு 1930கள்லதான் முடிச்சாங்க, வெளியில இருந்து பார்த்தா இந்தக் காசை வீட்டுக்குப் போட்டிருக்கலாமேன்னு தோணும். ஆனா அந்தப் பங்குகள், அதாவது ஒவ்வொரு சர்ச்சையும் சேர்ந்த ஜனங்க, கோயில் மட்டும் கட்டல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதை இல்லம் எல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சு, அவங்களை வேற யாரும் சேர்த்துக்காத காலத்துல. பங்குக் காசை பிஷப் எடுத்துக்கிறார்னு வூன்சாக்கெட்ல 1920கள்ல கோர்ட் வரைக்கும் போனாங்க, 1928ல அதுக்காக சபையை விட்டே விலக்கப்பட்டாங்க, அவ்ளோ ரோஷக்காரங்களை கண்ணை மூடிட்டு சர்ச்சுக்குக் கொட்டினவங்கன்னு சொல்றது நியாயமா? அதோட அமெரிக்காவுலயே முதல் கிரெடிட் யூனியன், அதாவது ஜனங்களே காசு போட்டு நடத்தற கடன் சங்கம், உங்க மான்செஸ்டர்ல 1908ல பிரெஞ்சுப் பங்கு ஜனங்க ஆரம்பிச்சதுதான், கியூபெக்ல இருந்து அல்போன்ஸ் தேஜார்தேன் வந்து வழிகாட்டினார், இப்ப செயின்ட் மேரிஸ் பேங்க்னு நடக்குது. நீ அதைத் தாண்டிப் போயிருப்ப, கவனிச்சிருக்க மாட்ட.

ஸ்லோவீன்காரங்க செஞ்சதும் அதேதான், பேர்தான் வேற. 1894ல ஜோலியட்ல கே.எஸ்.கே.ஜே.ன்னு கத்தோலிக்க சங்கம், 1904ல சிகாகோவுல எஸ்.என்.பி.ஜே.ன்னு சாமி வேண்டாம்னவங்க சங்கம், ரெண்டும் மாசம் கொஞ்சம் கட்டினா நோய்வாய்ப்பட்டாலோ செத்தாலோ குடும்பத்துக்குப் பணம் கொடுக்கறது. அப்புறம் ஆளுக்கொரு பங்கு வாங்கி 1924ல செயின்ட் கிளேர்ல நேஷனல் ஹோம் கட்டினாங்க, பாட்டு, நாடகம், லைப்ரரி, குடி, கல்யாணம் எல்லாம் அங்கதான். அதுல வளர்ந்த ஜனங்கள்ல இருந்துதான் ஃபிராங்க் லாஷி மேயராகி கவர்னராகி செனட்டரும் ஆனார்.

இன்னொண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. அந்த லிஸ்ட்ல எல்லாருக்கும் மேல நம்ம இந்தியக் குடும்பங்கதான் இருக்கு, அதைப் பார்த்து நம்ம குரூப்ல எல்லாரும் பூரிச்சுப் போறாங்க. நம்மளை 1965 குடியேற்றச் சட்டமும் அப்புறம் ஹெச்1பி விசாவும் டிகிரியைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துச்சு, ஊர்ல மாட்டுவண்டி ஓட்டினவரோட பிள்ளைக்கு யாரும் விசா கொடுக்கல. கியூபெக்காரன் அப்பாவும் கார்னியோலாக்காரன் (ஸ்லோவீன்காரங்க ஊர்) தாத்தாவும் பரீட்சை எழுதிட்டு வரல, பசியில வந்தாங்க. நம்மளை அவங்களோட பக்கத்துல வச்சுப் பார்க்கறதே எனக்குக் கூச்சமா இருக்கு.

ஈஸ்டர் சமயத்துல இங்க கிளீவ்லாந்துல நடக்கற தியாகராஜ ஆராதனைக்கு அண்ணாவையும் கூட்டிட்டு வா, கச்சேரி இல்லாத ஒரு மத்தியானம் செயின்ட் கிளேர் போயிட்டு வருவோம், பாட்டியம்மா உன்னைப் பார்க்கணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. அந்த முதல் கிரெடிட் யூனியன் ஆரம்பிச்ச வீட்டை மேற்குக் கரையில நாட்டர் டாம் அவென்யூல மியூசியமா வச்சிருக்காங்க, உன் வீட்டுல இருந்து கொஞ்ச தூரம்தான் இருக்கும். ஃபோன் பண்ணி நேரம் கேட்டுட்டு ஒரு நடை போயிட்டு வா, முதல்ல காசு போட்டவங்க என்ன வேலை பார்த்தவங்க, எவ்வளவு போட்டாங்கன்னு அங்க எழுதியிருந்தா எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
வசந்தி